பூதவுடலும் பிரக்ஞையும்: மூளையை விட்டு அறிவு தனித்து நிற்குமா?

புலம்பெயர்ந்த எம்மவரின் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் பக்கத்தை வாசிப்பவர்கள் ஒரு சொல்லைத் தவறாது சந்திப்பார்கள். அன்னார் சிவபதம் எய்தினார் என்றோ, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றோ முதல் வரி கூறும். அன்னாரின் பூதவுடல் இன்ன மண்டபத்தில் இன்ன நேரம் பார்வைக்கு வைக்கப்படும் என்று அடுத்த வரி கூறும். முதல் வரியில் ஒருவர் புறப்பட்டுச் சென்றுவிட்டார். இரண்டாம் வரியில் வேறொன்று எஞ்சிக் கிடக்கிறது. பூதங்களால் ஆன உடல் இங்கே இருக்க, அதனுள் நின்று கண்டும் கேட்டும் அறிந்தும் வந்தது வேறிடம் போய்விட்டது என்னும் ஒரு முழுத் தத்துவம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கடவுள் நம்பிக்கை அற்றவர்கள்கூட அறிவித்தல் எழுதும்போது அச்சொல்லை விலக்குவதில்லை.

அத்தத்துவம் மெய்தானா? நான் இருக்கிறேன், எனக்குக் கேட்கிறது, எனக்கு வலிக்கிறது என்று உள்ளிருந்து அறியும் அறிவை இக்கட்டுரை பிரக்ஞை என்று குறிப்பிடுகிறது. அந்தப் பிரக்ஞை மூளையினதும் உடலினதும் விளைவா, அன்றி அவற்றைத் தங்குமிடமாகக் கொண்ட தனிப்பொருளா? ஆலய மண்டபத்திலும் விரிவுரை மண்டபத்திலும் ஓய்வாகப் பேசப்பட்டு வந்த இக்கேள்வி இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகே வந்து நிற்கிறது. செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா, உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதமா என்று கேட்கப்படும் குடும்பத்தினருக்கு, உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தத்துவச் சிக்கல் அன்று. அன்று மாலைக்குள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

நாடிழந்த இளவரசியின் கடிதம்

ஐரோப்பியச் சிந்தனையில் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் ஓர் அகதிப் பெண். பொஹீமிய நாட்டு முடியை ஏற்று ஏறத்தாழ ஓராண்டில், 1620இல் பிராக் நகருக்கு அருகே நடந்த போரில் அதனை இழந்த மன்னனின் மகள் எலிசபெத். குடும்பம் ஒல்லாந்தில் தஞ்சம் புகுந்து ஹேக் நகரில் வாழ்ந்தது. அங்கிருந்து 1643 மே மாதத்தில், தமது 24ஆவது வயதில், பிரெஞ்சுத் தத்துவஞானி றெனே டேக்கார்ட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார்.

உள்ளம் சிந்திக்கும் பொருள், அதற்கு நீளமும் அகலமும் இல்லை. உடல் இடத்தை அடைக்கும் பொருள், அதற்குச் சிந்தனை இல்லை. இரண்டும் முற்றிலும் வேறு என்பது டேக்கார்ட்டின் கோட்பாடு. எலிசபெத் பணிவாகக் கேட்டார்: ஒன்றைத் தள்ளவேண்டுமாயின் அதனைத் தொடவேண்டும், தொடுவதற்குப் பருமை வேண்டும், பருமையே இல்லாத ஆன்மா இந்தக் கையை எப்படித் தூக்குகிறது? டேக்கார்ட்டின் பதில் அவருக்கு நிறைவு தரவில்லை. அடுத்த மாதக் கடிதத்தில் இன்னுமொரு கேள்வி தொடுத்தார். உடலின்றியே இருக்கவல்லது ஆன்மா என்றால், உடலுக்குள் எழும் சில ஆவிகள் காரணமாக அது நன்றாகச் சிந்திக்கும் ஆற்றலை இழந்துவிடுவது ஏன்?

1649இல் வெளியான தமது இறுதிக் காலத்து நூலில், மூளையின் நடுவே உள்ள ஒரு சிறு சுரப்பியில்தான் ஆன்மாவும் உடலும் சந்திக்கின்றன என்று டேக்கார்ட் விளக்கினார். அச்சுரப்பி உறக்கத்தின் ஒழுங்கோடு தொடர்புடைய ஓமோன் ஒன்றைச் சுரப்பது என்பதை இன்று நாம் அறிவோம். இளவரசியின் இரண்டாவது கேள்விக்கோ அவர் விடை கூறவேயில்லை எனலாம்.

வஞ்சி மாநகரில் ஒரு விவாதம்

இதே வழக்கு தமிழில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விசாரிக்கப்பட்டிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆவது காதையில், வஞ்சி மாநகரில் பல சமயத்தவரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் தனித்தனியே இருக்கையில் அவற்றில் போதை இல்லை. சேர்த்துப் புளிக்கவிட்டால் போதை பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு பிறக்கிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை தேய்வதுபோல அதுவும் அழிகிறது என்பது அவன் வாதம். கண்ணால் காண்பதே அளவை என்கிறான் அவன். அப்படியாயின் உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அன்றி வேறு எதனால் அறிந்தாய் என்று மணிமேகலை நகைத்துக் கேட்கிறாள். இன்றைய நரம்பியல் கருத்தரங்கு ஒன்றில் அப்பூதவாதியை அமர்த்தினால், அவனுடைய பேச்சு அங்கு அந்நியமாக ஒலிக்காது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் மறுபக்கம் நின்றார். சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலின் வேறாய் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. எனது கை, எனது உடல் என்று ஒருவன் சொல்கிறான். எனது என்று சொல்பவன் அப்பொருளின் வேறானவன் ஆதல் வேண்டும். ஐம்பொறிகள் அறிவனவற்றை ஒருங்கே அறிவதும், அவை ஓய்ந்த கனவிலும் அறிவதும் உயிரே.

ஆயினும் எமது மேடைப் பேச்சாளர்கள் பலர் விட்டுவிடும் ஒன்று சைவசித்தாந்தத்தில் உண்டு. உயிர் தனிப்பொருளேயாயினும், கருவிகள் கூடாதபோது அது எதனையும் அறிவதில்லை. கேவல அவத்தை என்று சித்தாந்திகள் கூறும் அந்நிலையில் உயிர் இருக்கும், ஆனால் இருளில் கிடக்கும். ஒளி இல்லாவிடத்துக் கண் காணாததுபோல, அறிவிக்க அறியும் இயல்பினது உயிர்.

ஆகவே எம்முன் இருப்பவை இரண்டு கட்சிகள் அல்ல, மூன்று. உணர்வு உடலின் விளைவு என்கிறான் பூதவாதி. உடலின்றியும் உள்ளம் தானே சிந்திக்கவல்லது என்கிறார் டேக்கார்ட். உயிர் வேறு, எனினும் கருவியின்றி அதற்கு அறிதல் இல்லை என்கிறார் மெய்கண்டார். விஞ்ஞானம் கொண்டுவரும் சாட்சியங்கள் இம்மூவரில் எவரைப் பாதிக்கின்றன என்று பார்ப்பதே முறை.

சாட்சியங்கள் கூறுவது

1846 ஒக்ரோபர் 16ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றில், ஈதர் என்னும் திரவத்தின் ஆவியைச் சுவாசிக்கச் செய்து ஒரு நோயாளிக்குப் பலர் முன்னிலையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. ஆவிகள் ஆன்மாவை ஆட்கொள்வது எப்படி என்று எலிசபெத் கேட்டு 203 ஆண்டுகளின் பின்னர், மெய்யாகவே ஓர் ஆவி மனிதனின் அறிவை அணைத்தும் மீண்டும் ஏற்றியும் காட்டியது. இன்று உலகின் வைத்தியசாலைகளில் நாள்தோறும் நடப்பது அதுவே.

மரணத்தின் வாசல் வரை சென்று மீண்டவர்கள், தமது உடலைத் தாமே மேலிருந்து பார்த்ததாகக் கூறுவதுண்டு. இக்கூற்றுகளை ஏளனம் செய்வது விஞ்ஞானம் ஆகாது, சோதிப்பதே விஞ்ஞானம். சாம் பார்னியா என்னும் வைத்தியர் தலைமையில் பிரித்தானியா, அமெரிக்கா, ஒஸ்திரியா ஆகிய நாடுகளின் 15 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. கூரையருகே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்கள், தெரிவுசெய்த அறைகளில் தட்டுகளின்மேல் வைக்கப்பட்டன. இதயம் நின்ற சம்பவங்கள் 2060 பதிவாயின. முழுமையாக விசாரிக்கப்பட்டவர் 101 பேர். கண்டதையும் கேட்டதையும் தெளிவாக விபரித்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவருடைய விபரம் நடந்தவற்றோடு பொருந்தியது. ஆனால் அவர் கிடந்த இடத்தில் தட்டும் படமும் இல்லை. படத்தைக் கண்டு சொன்னவர் எவரும் இல்லை. 2023இல் வெளியான அடுத்த ஆய்விலும், விசாரிக்கப்பட்ட 28 பேரில் எவரும் காட்டப்பட்ட படத்தை அடையாளம் காணவில்லை.

உடலுக்கு வெளியே நிற்கும் அனுபவம் பொய்யானதன்று. வலிப்பு நோய்க்கான சிகிச்சையின்போது, ஒரு பெண்ணின் மூளையின் வலப்புறத்தில் குறித்த ஓரிடத்தை மின்னால் தூண்டியவுடன், கட்டிலில் கிடக்கும் தம்மைத் தாம் மேலிருந்து காண்பதாக அவர் கூறினார். ஒலாவ் பிளாங்கே என்பவரும் அவருடைய சகாக்களும் 2002இல் இதனைப் பதிவுசெய்தனர். மூளையை விட்டு வெளியேறிய அனுபவத்தையும் மூளையே ஆக்கித் தர வல்லது என்பதே இதன் பொருள். இதயம் நின்றபின் சிறிது நேரத்துக்கு மூளையில் ஒழுங்கான மின்னலைகள் எழுவதை 2013இல் எலிகளிலும், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்டபின் அத்தகைய அலைகள் எழுவதை 2023இல் மரணப் படுக்கையிலிருந்த நால்வரில் இருவரிடமும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இவை டேக்கார்ட்டின் வாசலை ஏறக்குறைய அடைத்துவிடுகின்றன. மூளை ஓய்ந்த பின்னரும் தெளிவாக அறிந்துகொண்டிருந்த உள்ளத்துக்குச் சான்று இதுவரை கிட்டவில்லை. ஆனால் பூதவாதி வென்றான் என்று பறை அறையவும் இடமில்லை. மூளையின் மின்னும் இரசாயனமும் வலி என்னும் அனுபவமாக மாறுவது ஏன் என்பதைக் கடினச் சிக்கலாக 1995இல் முன்வைத்தவர் டேவிட் சால்மேர்ஸ் என்னும் தத்துவவியலாளர். 25 ஆண்டுகளுக்குள் மூளையில் பிரக்ஞையின் தடயத்தைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நரம்பியல் அறிஞர் கிறிஸ்தோவ் கொக் 1998இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023இல் கொக் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் போத்தல்களைக் கொடுத்தார். அறிதலுக்கு மூளை வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. மூளை மட்டும் போதுமா என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. பூதவாதிக்கும் மெய்கண்டாருக்கும் இடையிலான வழக்கு ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது.

அசையாத உடலில் ஆடிய ரெனிஸ்

அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய செய்தி இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்து வந்தது.

2005 யூலையில் வீதி விபத்தில் மூளையில் கடுங்காயமடைந்த 23 வயதுப் பெண் ஒருவர், ஐந்து மாதங்களின் பின்னரும் தாவரநிலையில் கிடந்தார். கண்கள் திறந்து மூடும். உறக்கமும் விழிப்பும் மாறிவரும். ஆயினும் சொன்னதைக் கேட்டுச் செய்வதற்கான அறிகுறி சிறிதும் இல்லை. ஏட்ரியன் ஓவன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இப்பெண்ணை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படப்பிடிப்புக் கருவிக்குள் கிடத்தி, ரெனிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி கேட்டனர். பின்னர், உமது வீட்டின் அறைகளினூடே நடப்பதாகக் கற்பனை செய்யும் என்றனர். முதற் கட்டளைக்கு அசைவைத் திட்டமிடும் பகுதி இயங்கியது. இரண்டாவதற்கு இடங்களை நினைவில் கொள்ளும் பகுதி இயங்கியது. ஒவ்வொரு தடவையும் 30 விநாடிகள், நலமான ஒருவரின் மூளை இயங்குவதுபோலவே இயங்கின. விரலைக்கூட அசைக்காத அப்பெண் உள்ளே இருந்தார், கேட்டார், விளங்கிக்கொண்டார், கட்டளையை நிறைவேற்றினார். 2006 செப்ரெம்பரில் இம்முடிவு வெளியானபோது வைத்திய உலகம் அதிர்ந்தது.

கேம்பிறிட்ஜிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் 54 நோயாளிகளைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஐவர் இவ்வாறு மூளையால் பதிலிறுத்தனர். அவர்களுள் ஒருவர், ஆம் என்பதற்கு ஒரு கற்பனை, இல்லை என்பதற்கு மற்றது என்ற ஏற்பாட்டின்படி, ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான விடை தந்தார். 2024இல் ஆறு நிலையங்களின் கூட்டாய்வு வெளியானது. கட்டளைகளுக்கு வெளிப்படையாக எதுவும் செய்யாத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், எம்.ஆர்.ஐ. படத்திலோ மூளை மின்னலைப் பதிவிலோ கட்டளையைப் பின்பற்றியமை தெரிந்தது. அதே ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாகப் பதில் செய்யக்கூடிய 112 பேரில் 43 பேரிடமே கருவி அதனைக் கண்டது. கருவி ஒன்றும் காணவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆக, பிரக்ஞை உடலிலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று கேட்டால், ஒரு பொருளில் ஆம் என்றே கூறவேண்டும். மூளையிலிருந்து அது பிரிந்ததற்குச் சான்றில்லை. கை, கால், கண், நாக்கு ஆகிய வெளி அடையாளங்களிலிருந்து அது பிரிந்து, தனித்து, கவனிப்பாரற்றுக் கிடக்க முடியும் என்பதற்கோ சான்று வலுவாக உண்டு.

பிரித்தறிய வேண்டிய சொற்கள்

இதனைக் கேட்டு ஆறுதல் கொள்ளுமுன் சில சொற்களைப் பிரித்தறிவது அவசியம். கோமாவில் கண்கள் மூடியே இருக்கும். அது பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஏதாவதொரு வழியில் முடிவுக்கு வரும். 1972இல் ஜெனற், பிளம் என்னும் இரு வைத்தியர்கள் பெயரிட்ட தாவரநிலையில் கண் விழிக்கும், ஆனால் அறிவின் அடையாளம் தெரியாது. அவ்வடையாளம் விட்டுவிட்டுச் சிறிதளவு தெரிந்தால் அது குறைந்தபட்சப் பிரக்ஞை நிலை. மூளைச்சாவு இவை எல்லாவற்றினதும் வேறானது. 1968இல் ஹாவாட் பல்கலைக்கழகக் குழு ஒன்று வகுத்த அளவுகோல்களிலிருந்து வளர்ந்த இக்கருத்தின்படி, மூளைத் தண்டு உட்பட மூளை மீளாதவாறு செயலிழந்திருக்கும். கருவி ஊட்டும் சுவாசத்தால் இதயம் மட்டும் துடிக்கும். பெரும்பாலான மேற்கு நாடுகளின் சட்டத்தில் அது மரணமே. கேம்பிறிட்ஜ் பெண்ணின் கதை மூளைச்சாவு அடைந்தவருக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அறியாமையால், சாவுக்குப் பின் வீண் நம்பிக்கை கொள்பவரும் உண்டு. உயிரோடிருப்பவரைக் கைவிடுபவரும் உண்டு.

எந்த மொழியில் கேட்கப்பட்டது?

எமது சமூகத்துக்கு இவ்விடயத்தில் மற்றையோருக்கு இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிப்படையான பரிசோதனைகூட அடிப்படையில் ஒரு கட்டளைதான்: என் கையை அழுத்துங்கள், மேலே பாருங்கள், கண்ணை மூடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதிய வயதில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த ஒரு தாய், தமிழன்றி வேறு மொழி அறியாதவர், அடிபட்ட மூளையோடு கிடக்கும்போது ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ அக்கட்டளை இடப்பட்டால் அவர் அதனைச் செய்யப்போவதில்லை. பதிலில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்படும். எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது தாயின் பிரக்ஞை அன்று, அவருடைய ஜேர்மன் மொழியறிவு.

இது மிகைப்படுத்திய அச்சம் அன்று. மொழித்தடை இல்லாதவிடத்தும் பிழை நேர்கிறது. பெல்ஜியத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், தாவரநிலை என்று வைத்தியக் குழுவால் கருதப்பட்ட 44 பேரைத் திட்டமான அளவுகோலொன்றால் மீளச் சோதித்தபோது 18 பேரிடம் பிரக்ஞையின் அடையாளம் காணப்பட்டது. ஒரு தடவைப் பரிசோதனை போதாது, திட்டமான அளவுகோலால் பல தடவை சோதிக்கவேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது.

எனவே கட்டிலருகே நிற்கும் குடும்பத்தினர் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இது கோமாவா, தாவரநிலையா, குறைந்தபட்சப் பிரக்ஞை நிலையா, மூளைச்சாவா? எந்த அளவுகோலால், எத்தனை தடவை சோதித்தீர்கள்? உறக்க மருந்துகளின் தாக்கம் முற்றாக நீங்கிய பின்னரா? கேட்கும் கருவியும் மூக்குக்கண்ணாடியும் அணிந்திருந்தாரா? கட்டளையைத் தமிழில் சொன்னது யார்? இறுதிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் மீண்டும் சோதிக்கும்படி கோருவது எவருடைய தயவையும் யாசிப்பதாகாது. சரியான மருத்துவத்தைக் கோருவதாகும். அப்பணியைப் பாடசாலை செல்லும் பேரப்பிள்ளையின் தோளில் சுமத்துதல் தகாது. மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் இடங்கொடாது என்று சலிப்பவர்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் பெயர்த்துத் தந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும்.

உயிர் உடலைவிட்டு எங்கே போகிறது என்பதில் சைவரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் நாத்திகரும் வேறுபட்டு நிற்கலாம். அவ்வழக்கு எமது காலத்தில் தீரும் என்று தோன்றவில்லை. கட்டிலில் கிடப்பவர் இன்னும் இங்கே இருக்கிறாரா என்பதில் வேறுபட்டு நிற்கவேண்டியதில்லை. அதனைக் கேட்டறிய வழி உண்டு. பூதவுடல் என்னும் சொல்லுக்கு உரிய நாள் ஒன்று வரும். அந்நாள் வருமுன்னர், அவரை இல்லாதவராக எண்ணி அவர் தலைமாட்டில் நின்று மரணச் சடங்கைப் பற்றிப் பேசாதிருப்போம். அவருக்குத் தெரிந்த மொழியில், அவரை அழைக்கும் முறைசொல்லி அழைத்து, அவரிடமே பேசுவோம். பதில் வரச் சுணங்கலாம். காத்திருந்து, மறுநாளும் கேட்போம்.